டிடிடி தடையால் கோடிப் பேர் செத்தார்கள் என்று பகிரும் நண்பர்களுக்கு

வணக்கம்.

மலேரியா பற்றி ஏதாவது செய்தி வந்தாலும் சரி, எங்காவது ஒரு பூச்சிக்கொல்லிக்குத் தடை கேட்டு யாராவது குரல் கொடுத்தாலும் சரி, உங்களில் ஒருவர் அந்தக் கதையைத் தூசி தட்டி எடுத்து விடுகிறீர்கள். கதை எல்லோருக்கும் மனப்பாடம். டிடிடி என்று அற்புதமான பூச்சிக்கொல்லி மருந்து ஒன்று இருந்தது, அது கொசுவை ஒழித்துக்கொண்டிருந்தது, அமெரிக்காவில் பறவைப் பிரியர்கள் சிலர் கண்ணீர் விட்டார்கள், 1972-இல் தடை வந்தது, அதனால் ஏழை நாடுகளில் குழந்தைகள் கோடிக்கணக்கில் மடிந்தார்கள். கடைசியில் "சுற்றுச்சூழல்வாதிகளின் கையில் ரத்தக்கறை" என்று ஒரு வரி. கீழே நூறு பேர் ஆமாம் போட்டிருப்பார்கள்.

ஒவ்வொரு முறையும் துண்டு துண்டாகப் பதில் சொல்வதை விட, மொத்தமாக ஒரே இடத்தில் எழுதிவிடலாம் என்று தோன்றியது. கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் உங்கள் பக்கம் உள்ள உண்மையைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதில் எனக்குச் சண்டையே இல்லை. டிடிடி உயிர் காத்த மருந்து. 1874-இலேயே ஆய்வகத்தில் செய்யப்பட்ட அந்தச் சேர்மம் பூச்சியைக் கொல்லும் என்று 1939-இல் கண்டுபிடித்தவர் ஸ்விட்சர்லாந்தின் பால் முல்லர், அதற்காக 1948-இல் மருத்துவ நோபல் பரிசும் வாங்கினார். 1943-44 குளிர்காலத்தில் நேப்பிள்ஸ் நகரில் பேன் மூலம் டைஃபஸ் காய்ச்சல் பரவியபோது, பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் சட்டைக்குள் இந்தப் பொடியை அடித்துத்தான் தொற்றை நிறுத்தினார்கள். இலங்கையில் 1946-இல் ஏறக்குறைய 28 லட்சமாக இருந்த மலேரியா நோயாளிகளின் எண்ணிக்கை 1963-இல் வெறும் 17. பதினேழு ஆயிரம் என்று படித்துவிடாதீர்கள், பதினேழே பேர். இதைச் செய்த ஒரு பொருளை வெறும் விஷம் என்று ஒதுக்குகிறவர்கள் மீது எனக்கும் எரிச்சல் வரும்.

இந்த இலங்கைக் கதையைத்தான் நீங்கள் அதிகம் எடுத்துக்காட்டுகிறீர்கள். "17 பேர், அப்புறம் தடை, உடனே ஐந்து லட்சம் பேர்." சரி, ஆண்டுகளைப் பார்ப்போமா? மலேரியா மறுபடி வெடித்தது 1967-க்குப் பிறகு, உச்சம் 1968-69. அமெரிக்கத் தடை வந்தது 1972. பின்னால் வந்த தடை முன்னால் வந்த காய்ச்சலுக்கு எப்படிக் காரணமாகும்? இலங்கையில் மருந்தடிப்பை நிறுத்தியது எந்தப் பறவைப் பிரியரும் கேட்டு இல்லை. நோயாளிகளே இல்லையே, இனி எதற்குச் செலவு என்றுதான் 1964 வாக்கில் நிறுத்தினார்கள். கண்காணிப்பும் தளர்ந்தது. மழை பொய்த்து ஆறுகள் குட்டை குட்டையாகத் தேங்கின, அதில் கொசு பெருகியது. பதறிப்போய் மறுபடி டிடிடியை எடுத்தார்கள், அதற்கு யாரும் குறுக்கே நிற்கவில்லை. ஆனால் 1969-இல் அங்குள்ள மலேரியாக் கொசு டிடிடிக்குச் சாகாமல் எதிர்ப்பு காட்டுவது தெரியவந்தது, எழுபதுகளின் நடுவில் மாலத்தியான் என்ற வேறு பூச்சிக்கொல்லிக்கு மாற வேண்டியதாயிற்று. அதே இலங்கைக்கு மலேரியா இல்லாத நாடு என்று உலக சுகாதார நிறுவனம் 2016-இல் சான்று கொடுத்தது. உங்கள் பதிவுகளில் ஏனோ கதை 1969-இலேயே முடிந்துவிடுகிறது.

உலக அளவிலும் அப்படித்தான். 1955-இல் தொடங்கிய உலக மலேரியா ஒழிப்புத் திட்டத்தை, இது நடக்கிற காரியம் இல்லை என்று சுகாதார நிறுவனமே 1969-இல் கைவிட்டது. தடைக்கு மூன்று ஆண்டுகள் முன்பு.

அப்புறம் அந்த 1972 தடை. அந்த ஆணை எதைத் தடுத்தது என்று உங்களில் எத்தனை பேர் பார்த்திருக்கிறீர்கள்? அமெரிக்காவுக்குள், பயிருக்கு அடிப்பதைத் தடுத்தது. பொது சுகாதாரத் தேவைக்கு விலக்கு இருந்தது. ஏற்றுமதிக்குத் தடை இல்லை, அங்குள்ள ஆலைகள் அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் வெளிநாடுகளுக்காகத் தயாரித்துக்கொண்டுதான் இருந்தன. தடைக்கு முந்தைய ஆண்டுகளில் அந்த நாட்டில் பயன்பட்ட டிடிடியில் நூற்றுக்கு எண்பது பங்குக்கு மேல் போனது பருத்திக்கு. மீதியில் பெரும்பகுதி நிலக்கடலைக்கும் சோயாவுக்கும். மலேரியாவை அவர்கள் 1951-லேயே ஒழித்து முடித்துவிட்டார்கள். ஆகவே 1972-இல் பறிபோனது பருத்தி விவசாயியின் மருந்துதான்.

உலகத்துக்கே பொதுவான தடை என்றால் அது 2001-இல் கையெழுத்தாகி 2004-இல் நடைமுறைக்கு வந்த ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை. அதில் டிடிடியை முற்றாக விலக்க வேண்டிய பட்டியலில் வைக்கவே இல்லை. நோய் பரப்பும் பூச்சிகளைக் கட்டுப்படுத்த மட்டும் பயன்படுத்தலாம் என்று இரண்டாவது பட்டியலில் தனியாக வைத்தார்கள். இந்த இடத்தில் உங்களுக்கு ஒரு புள்ளி தருகிறேன். பேச்சுவார்த்தையின்போது சில சுற்றுச்சூழல் அமைப்புகள் முழுத் தடைக்கு நாள் குறிக்கக் கேட்டது உண்மை, உதவிப் பணம் தரும் அமைப்புகள் பல ஆண்டுகள் டிடிடிக்குக் காசு தரத் தயங்கியதும் உண்மை. மலேரியா ஆய்வாளர்கள் எதிர்த்து நின்றார்கள், அவர்கள் சொன்னது ஏற்கப்பட்டது, விலக்கு வந்தது. 2006-இல் வீட்டுச் சுவருக்கு டிடிடி அடிக்கலாம் என்று சுகாதார நிறுவனம் மறுபடி வெளிப்படையாகவே ஆதரித்தது. தடையே இல்லாத ஒரு வேலைக்குத் தடையை நீக்கச் சொல்லி நீங்கள் இத்தனை ஆண்டுகளாகப் போராடுகிறீர்கள்.

இப்போது எனக்கு முக்கியமாகப் படுகிற விஷயத்துக்கு வருகிறேன். கொசுவுக்கு எதிரான அந்த ஆயுதத்தை மழுக்கியது யார்?

வீட்டுக்குள் மருந்தடிப்பது எப்படி வேலை செய்கிறது என்று பாருங்கள். மலேரியாக் கொசு இரவில் ஆளைக் கடித்து ரத்தம் குடித்ததும் உடம்பு கனத்துப் பறக்க முடியாமல் பக்கத்துச் சுவரில் போய் உட்காரும். அந்தச் சுவரில் ஒரு சதுர மீட்டருக்கு 1 முதல் 2 கிராம் டிடிடி படிந்திருந்தால் போதும், கால் வழியாகவே உள்ளே போய்விடும். ஆறு மாதம் ஆனாலும் சுவரில் வீரியம் இருக்கும். இங்கே அதன் நீண்ட ஆயுள் நல்ல குணம், ஏழை நாடுகளுக்கு அது கட்டுப்படியானதே அதனால்தான். அதே பொருளை விமானத்தில் ஏற்றி, ஆயிரக்கணக்கான ஏக்கர் பருத்தி மீது, பருவத்துக்குப் பல முறை கொட்டினால்? வயல்நீரில் வளரும் கொசுப்புழுக்கள் தலைமுறை தலைமுறையாக அதிலேயே குளிக்கின்றன. சாகிறவை சாகும், சாகாதவை முட்டையிடும். வீட்டு ஈக்கள் 1947-லேயே எதிர்ப்பு காட்டத் தொடங்கிவிட்டன. 1951-இல் கிரீஸில் மலேரியாக் கொசுவிலும் அது தெரிந்தது. மத்திய அமெரிக்காவில் பருத்தி விளையும் கடற்கரைப் பகுதிகளில்தான் கொசுவின் எதிர்ப்பு மிக மோசமாக இருந்தது என்பதை எழுபதுகளிலேயே பூச்சியியலாளர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள்.

சேதம் டிடிடியோடு நிற்கவும் இல்லை. டிடிடி கொசுவின் நரம்பில் சோடியம் அயனிகள் போய்வரும் வாயிலை மூடவிடாமல் பிடித்துக்கொள்ளும், நரம்பு ஓயாமல் துடித்துத் துடித்துப் பூச்சி விழும். கொசுவலைகளில் தோய்க்கிறார்களே பைரித்ராய்டு மருந்துகள், அவையும் அதே வாயிலில்தான் வேலை செய்கின்றன. டிடிடிக்குத் தப்பிக்க அந்த வாயிலின் அமைப்பை மாற்றிக்கொண்ட கொசு, பின்னால் வந்த பைரித்ராய்டிடமும் பாதி தப்பித்துவிட்டது. திருடன் ஒரு பூட்டுக்குக் கள்ளச்சாவி செய்துகொண்ட பிறகு, அதே கம்பெனியின் அடுத்த பூட்டை வாங்கி மாட்டுவது மாதிரி. பருத்தியில் கொட்டிய மருந்தின் கடனை, அரை நூற்றாண்டு கழித்துக் கொசுவலைக்குள் தூங்கும் குழந்தை கட்டிக்கொண்டிருக்கிறது. உங்கள் கோபத்துக்குப் பொருத்தமான முகவரி இதுதான் என்று நினைக்கிறேன்.

சரி, பறவைகள். "நாலு பறவை முட்டை உடைந்ததற்காகவா?" என்பது உங்கள் வழக்கமான கிண்டல்.

டிடிடி தண்ணீரில் கரையவே கரையாது, கொழுப்பில் ஆசையாகக் கரையும். உடம்புக்குள் போனால் டிடிஇ என்று ஒரு பொருளாக மாறி அங்கேயே தங்கிவிடும். பள்ளிப் பாடத்தில்கூட வரும் அந்த எண்களை ஒரு தடவை நிதானமாகப் பாருங்கள்: தண்ணீரில் பத்து லட்சத்தில் 0.000003 பங்கு, அதில் வாழும் நுண்விலங்குகளில் 0.04, சின்ன மீனில் 0.5, பெரிய மீனில் 2, மீன் தின்னும் பறவையில் 25. கணக்குப் போட்டால் எண்பது லட்சம் மடங்குக்கு மேல். தண்ணீரைச் சோதித்துவிட்டு "ஒன்றுமில்லை, சுத்தம்" என்று சான்றிதழ் கொடுத்துவிடலாம், அதே தண்ணீரின் மேல் பறக்கிற பறவை நஞ்சைச் சுமந்துகொண்டிருக்கும்.

முட்டை ஓடு மெலிந்ததை எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்பது இந்தக் கதையிலேயே எனக்கு மிகவும் பிடித்த பகுதி. பிரிட்டனில் பெரிகிரின் வல்லூறுகள் கூட்டிலேயே தம் முட்டைகளை உடைத்துக்கொள்வதை டெரெக் ராட்கிளிஃப் என்ற இயற்கை ஆய்வாளர் கவனித்தார். ஓடு மெலிந்திருக்குமோ என்று சந்தேகம். ஆனால் பழைய ஓடு எவ்வளவு தடிப்பாக இருந்தது என்று யாருக்குத் தெரியும்? அந்த ஊர்க்காரர்களுக்குப் பறவைக் கூட்டில் முட்டை திருடிச் சேர்க்கிற பைத்தியம் ஒன்று நெடுங்காலமாக இருந்தது. முட்டையில் சின்னத் துளை போட்டு உள்ளே இருப்பதை ஊதி வெளியேற்றி, காலி ஓட்டைப் பஞ்சு வைத்த இழுப்பறையில் அடுக்கி, எடுத்த தேதியும் இடமும் எழுதி வைப்பார்கள். ராட்கிளிஃப் அந்த இழுப்பறைகளைத் திறந்து, ஒவ்வொரு ஓட்டையும் எடை போட்டு, அதன் நீள அகலத்தால் வகுத்தார். பல பத்தாண்டுகளாக ஒரே மாதிரி இருந்த எண், 1947 வாக்கில் சட்டென்று விழுகிறது, ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. டிடிடி பிரிட்டன் வயல்களுக்கு வந்த காலம் அது. 1967-இல் இதை வெளியிட்டார். சட்டவிரோதமாகிப்போன ஒரு பொழுதுபோக்கு இப்படி ஒரு நல்ல காரியத்துக்குப் பயன்பட்டது.

"கோழிக்கும் காடைக்கும் டிடிடி கொடுத்துப் பார்த்தார்கள், ஓடு மெலியவில்லையே" என்று நீங்கள் சுட்டும் ஆய்வுகள் பொய்யில்லை. கோழி இனத்துக்கு அது அவ்வளவாகப் பாதிப்பதில்லை. வல்லூறு வகைக்கும் வாத்துக்கும் டிடிஇ கலந்த தீனி கொடுத்தபோது ஓடு மெலிந்தது, அந்த ஆய்வுகளும் 1969-70-இலேயே வெளிவந்தன. அதை மட்டும் விட்டுவிடுகிறீர்கள்.

கூழைக்கடா முட்டையை அடைகாப்பது வயிற்றால் இல்லை, சவ்வுள்ள பாதங்களை முட்டை மேல் வைத்து அந்தச் சூட்டில்தான். ஓடு மெலிந்தால் தாயின் பாரமே போதும். 1970-இல் கலிஃபோர்னியாவின் அனகாபா தீவில் ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட கூடுகளிலிருந்து ஒரே ஒரு குஞ்சுதான் வந்தது. அந்தக் கடலில் டிடிடி வந்து சேர்ந்தது வயலிலிருந்துகூட இல்லை. லாஸ் ஏஞ்சலஸில் இருந்த மான்ட்ரோஸ் ஆலை பல ஆண்டுகள் கழிவைச் சாக்கடை வழியாகக் கடலுக்கு விட்டது. எழுபதுகளின் தொடக்கத்தில் அது நிறுத்தப்பட்டது. ஆனால் அதற்குப் பக்கத்துக் கட்டலினா தீவில் வெண்தலைக் கழுகின் முட்டை மனிதர் உதவியில்லாமல் பொரிந்தது 2007-இல்தான். மண்ணில் டிடிடி பாதியாகக் குறைய இடத்தைப் பொறுத்து 2 முதல் 15 ஆண்டுகள் ஆகும், கடலடிச் சேற்றில் அதைவிட எத்தனையோ மடங்கு. அண்டார்டிகாவில் யாரும் பருத்தி போடவில்லை, அங்குள்ள அடேலி பெங்குவின்களின் கொழுப்பில் அறுபதுகளிலேயே டிடிடி இருந்தது. வெப்ப நாடுகளில் ஆவியாகி, குளிர்ந்த இடத்தில் படிந்து, மறுபடி ஆவியாகி, இப்படியே தத்தித் தத்தித் துருவம் வரை போய்விடுகிறது.

அப்புறம் அந்தக் கரண்டிக் கதை. மேடையிலேயே ஒரு கரண்டி டிடிடியை வாயில் போட்டுக்கொண்டு பேசிய பேராசிரியர் ஒருவர் இருந்தார், முதிய வயது வரை வாழ்ந்தார், ஆகவே அது பத்திரமானது என்கிறீர்கள். தின்றதும் சாகிற விஷம் என்று டிடிடியைப் பற்றி விவரம் தெரிந்த யாரும் சொல்லவில்லையே. கேள்வி கருவில் இருக்கும் பிள்ளைக்கு என்ன ஆகும் என்பது. கலிஃபோர்னியாவின் ஓக்லாந்தில் 1959-67 காலத்தில் கர்ப்பிணிகளிடம் எடுத்த ரத்தத்தைப் பத்திரமாக உறைய வைத்திருந்தார்கள். அவர்களின் மகள்களை ஐம்பது வயது தாண்டும் வரை தொடர்ந்து பார்த்து 2015-இல் வெளியிட்ட ஆய்வில், தாயின் ரத்தத்தில் டிடிடி மிக அதிகமாக இருந்த மகள்களுக்கு மார்பகப் புற்று வரும் வாய்ப்பு ஏறக்குறைய நான்கு மடங்கு. ஒரே ஆய்வு முடிந்த முடிவாகாது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதே ஆண்டு பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்க வாய்ப்பு மிகுந்தவற்றின் வரிசையில் டிடிடியைச் சேர்த்தது. கரண்டியால் தின்ற ஒரு ஆண் நன்றாக இருந்தது இதற்குப் பதில் ஆகாது.

உங்கள் தரப்பின் ஆகப் பலமான உதாரணத்தை நீங்கள் அதிகம் பயன்படுத்துவதே இல்லை, நானே சொல்லிவிடுகிறேன். தென்னாப்பிரிக்கா 1996-இல் டிடிடியை நிறுத்திப் பைரித்ராய்டுக்கு மாறியது. பைரித்ராய்டுக்குச் சாகாத அனாஃபிலிஸ் ஃபுனஸ்டஸ் கொசு திரும்பி வந்தது, 2000-இல் நோயாளிகள் 60,000-ஐத் தாண்டினார்கள். அந்த ஆண்டே டிடிடியைத் திரும்பக் கொண்டுவந்தார்கள், கூடவே புதிய கூட்டு மருந்து சிகிச்சையும் வந்தது, நோய் சரிந்தது. அந்த முடிவு சரியானது என்றே நானும் சொல்வேன். அந்த வீடுகளில் வாழும் தாய்மார்களின் பாலில் டிடிடி ஏறியிருப்பதையும் அதே நாட்டு ஆய்வாளர்கள்தான் பதிவு செய்திருக்கிறார்கள். மலேரியாவில் பிள்ளை சாவதா, பாலில் டிடிடியா என்று தேர்வு செய்ய வேண்டிய நிலைமை அது, வேறு வழி இல்லாதபோது எடுக்கிற முடிவு. அந்த இக்கட்டில் எடுப்பதற்காகவாவது மருந்து வேலை செய்ய வேண்டும், அதற்காகத்தான் வயலில் கொட்டாதே என்கிறோம். இன்னொரு பக்கம் வியட்நாம் 1991-இல் டிடிடியை விட்டுவிட்டு, மருந்து தோய்த்த வலை, சீக்கிரமே நோய் கண்டறிதல், நல்ல சிகிச்சை என்று போய் மலேரியாச் சாவுகளைப் பெருமளவு குறைத்தது. இடத்துக்கு இடம் கொசு வேறு, வீடு வேறு, அரசின் கை எட்டும் தூரம் வேறு. "டிடிடி அடி, எல்லாம் சரியாகிவிடும்" என்ற உங்கள் ஒற்றை வரியில் இதற்கெல்லாம் இடமில்லை.

நான் இவ்வளவு எழுதக் காரணம் பழைய கணக்கைத் தீர்ப்பதற்கு இல்லை. அதே தவறு இப்போது நடந்துகொண்டிருக்கிறது. பைரித்ராய்டு எடுபடாத இடங்களில் வீட்டுச் சுவருக்கு அடிக்க குளோதியானிடின் என்ற மருந்தை உலக சுகாதார நிறுவனம் 2017-இல் தகுதிப் பட்டியலில் சேர்த்தது. அது நியோநிகோடினாய்டு என்ற பூச்சிக்கொல்லி வகையைச் சேர்ந்தது. அதே வகை மருந்துகளைத்தான் பல ஆண்டுகளாக உலகம் முழுக்க விதைகளில் பூசியும் காய்கறிகளில் அடித்தும் வருகிறார்கள். குளோதியானிடினும் மண்ணில் லேசில் அழியாது, தேனீக்களுக்கு ஆகாது என்று ஐரோப்பிய ஒன்றியம் 2018-இல் திறந்தவெளியில் அதன் பயன்பாட்டை நிறுத்தியது. கேமரூனின் யவுண்டே நகரை ஒட்டிய காய்கறி வயல்களில் பிடித்து வளர்த்த மலேரியாக் கொசுக்கள் இந்த வகை மருந்துகளுக்கு எளிதில் சாகவில்லை என்று ஆய்வுகள் வந்துவிட்டன. சுவருக்கு அது சரியாக வந்து சேர்வதற்கு முன்பே வயல் அதைக் கெடுக்கத் தொடங்கிவிட்டது.

மலேரியாவில் சாகும் குழந்தைகள் மீது உங்களுக்கு அக்கறை இருக்கிறது என்றே நம்புகிறேன். அப்படியானால் ஒரு வேலை செய்யலாம். உங்கள் பக்கத்தைப் பின்தொடர்கிறவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். கொசுவுக்காக ஒதுக்கிய மருந்து வகையைப் பயிருக்கு ஏன் அனுமதிக்கிறீர்கள் என்று சுகாதாரத் துறையையும் வேளாண் துறையையும் சேர்த்து உட்காரவைத்துக் கேட்கச் சொல்லி எழுதுங்கள். புதிய பூச்சிக்கொல்லிக்கு அனுமதி கொடுக்கும் குழுவில் மலேரியா தெரிந்த ஒரு பூச்சியியலாளராவது இருக்கிறாரா என்று கேளுங்கள். நீங்கள் எழுதினால் நானும் பகிர்கிறேன், பெயர் போட்டே பகிர்கிறேன்.

அதுவரைக்கும், 1972 ஆணையைக் காட்டி, "இந்தச் சட்டத்தால் எங்கள் வீட்டுச் சுவருக்கு டிடிடி அடிப்பதை நிறுத்தினோம்" என்று எந்த நாட்டின் சுகாதாரத் துறையாவது சொன்ன ஆவணம் உங்களிடம் இருந்தால் அனுப்பிவையுங்கள். படித்துவிட்டுப் பதில் எழுதுகிறேன்.

அன்புடன்,
உங்கள் பதிவுகளைத் தொடர்ந்து படிக்கும் ஒருவன்